64 ஜிபி ஸ்டீம் டெக்: மெமரி கார்டு போதுமா, எஸ்எஸ்டி மாற்ற வேண்டுமா?

தாம்பரம்_ஃபாஸ்ட்: பழைய எல்சிடி ஸ்டீம் டெக் (வால்வ் கம்பெனியின் கையடக்க கேமிங் மெஷின்), 64 ஜிபி மாடல், செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். ரெண்டு கேம் போட்டாலே இடம் தீர்ந்துபோகிறது. சென்னை ரிச்சி தெருவில் 512 ஜிபி மெமரி கார்டு வாங்கவா, மெஷினைத் திறந்து உள்ளே 1 டிபி எஸ்எஸ்டி (வேகமான ஸ்டோரேஜ்) போடவா? பெரும்பாலும் தாம்பரம்–பீச் லோக்கல் ரயிலில்தான் விளையாடுவேன்.

கார்டு_கட்சி: கார்டுதான் ப்ரோ. லோடாக கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஓட ஆரம்பித்த பிறகு பெரும்பாலான கேம்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) வித்தியாசமே தெரியாது. நல்லா ஓடுகிற மெஷினை எதற்குப் பிரிக்கணும்?

ஸ்க்ரூ_மாமா: கொஞ்சமா? டெக்கின் கார்டு ஸ்லாட் யூஎச்எஸ்-1 என்ற பழைய வேகத் தரம். எவ்வளவு காசு கொட்டி கார்டு வாங்கினாலும் நொடிக்கு 100 எம்பி பக்கம்தான் நிற்கும். என்விஎம்இ (இதில் போடும் எஸ்எஸ்டி வகை) ஆயிரக்கணக்கில் போகும். பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபியும் எஸ்எஸ்டியும் வேண்டும் என்று கேமைத் தயாரித்தவர்களே போட்டிருக்கிறார்கள். லோடிங்கையாவது பொறுத்துக்கொள்ளலாம், அப்டேட்தான் கொடுமை. சின்ன பேட்ச்சுக்குக்கூட பெரிய ஃபைலை மறுபடி எழுதும். கார்டில் அது முடிவதற்குள் கிண்டியில் ஏறியவர் கோட்டையில் இறங்கிவிடுவார்.

கார்டு_கட்சி: அவர் பால்டர்ஸ் கேட் பற்றிக் கேட்கவே இல்லையே. எந்தக் கடையிலும் சுலபமாகக் கிடைப்பது 2280 எஸ்எஸ்டி (22 மிமீ அகலம், 80 மிமீ நீளம்), அது உள்ளே நுழையாது. 2242-ஐத் திணித்துப் போடாதீர்கள் என்று வால்வ் ஆளே 2022-இல் எச்சரித்தார்.

ஸ்க்ரூ_மாமா: யார் திணிக்கச் சொன்னது? 30 மிமீ நீளமுள்ள 2230 என்று கேட்டு, ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ளதாக வாங்கணும். ஜென் 4 (புதிய தலைமுறை எஸ்எஸ்டி) வாங்கக் கூடுதல் காசு தண்டம், டெக் ஜென் 3 வேகத்தைத் தாண்டாது. 64 ஜிபி மாடலிலும் இஎம்எம்சி (அதில் வரும் ஸ்டோரேஜ்) எஸ்எஸ்டி போடும் அதே எம்.2 ஸ்லாட்டில்தான் இருக்கிறது, போர்டோடு சால்டர் பண்ணியதில்லை. பயாஸில் (மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ்) பேட்டரி ஸ்டோரேஜ் மோட் போட்டுவிட்டுத் திறங்கள். பின்மூடியில் எட்டு ஸ்க்ரூ, நாலு நீளம், நாலு குட்டை, கலந்துவிடாதீர்கள். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றணும். பழையதன் மேல் இருக்கும் உலோக உறையைப் புதியதற்கு மாட்ட மறக்காதீர்கள். ஓஎஸ்ஸை யூஎஸ்பியிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம்.

புரசை_பிளேயர்: சண்டை நடுவில் முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. திறக்கும் முன் மெமரி கார்டை வெளியே எடுங்கள், ஸ்லாட்டிலேயே இருந்தால் மூடியைத் தூக்கும்போது ஒடிந்துவிடும். கார்டு எங்கே வாங்கினாலும் முதலில் கம்ப்யூட்டரில் எஃப்3 என்ற சோதனை சாஃப்ட்வேரை ஓட்டி முழுசாக எழுதிப் பாருங்கள். அட்டையில் 512, உள்ளே 32 என்று போலிகள் சுற்றுகின்றன. கம்ப்யூட்டரும் 512 என்றே காட்டும். 32-ஐத் தாண்டியதும் ஃபைல் எல்லாம் கெடும்.

தாம்பரம்_ஃபாஸ்ட்: நன்றி அண்ணே. ஹேடிஸ், ஸ்டார்ட்யூ வேலி, அப்புறம் சைபர்பங்க். கார்டே போதும்னு தோணுது.

கார்டு_கட்சி: அப்படிச் சொல்லுங்க!

ஸ்க்ரூ_மாமா: சைபர்பங்க்குக்கு 70 ஜிபி, அதுவும் எஸ்எஸ்டி கேட்கும். உங்கள் மெஷினில் இருப்பதே மொத்தம் 64 தம்பி.