வாடகைக்கு அறை தேடும்போது "இந்தியர் வேண்டாம்" என்கிறார்கள், என்ன சொல்வது?

கேள்வி:
சிங்கப்பூருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நானும் மனைவியும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் அறை தேடுகிறோம். இந்தியர் என்றதும் இரண்டு உரிமையாளர்கள் மறுத்துவிட்டார்கள். ஒரு முகவர் "இன ஒதுக்கீடு நிரம்பிவிட்டது" என்றார். "நாங்கள் கணினித் துறையினர், தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) குடித்துவிட்டுக் கலவரம் செய்தவர்களைப் போன்றவர்கள் அல்லர் என்று முதலிலேயே சொல்லிவிடு" என்கிறார் அலுவலக நண்பர். சொல்லலாமா?

பதில்:
தம்பி, அந்த வாசகத்தை மட்டும் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இன்றும் உறுத்துகிறது.

உங்கள் நண்பர் சொல்லும் கலவரம் நடந்தது 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், 33 வயதுத் தமிழ்க் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் தனியார் பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அதன் பிறகு வன்முறையில் இறங்கியவர்கள் ஏறத்தாழ 300 பேர். உதவிக்கு வந்த ஆம்புலன்சைக்கூட விட்டுவைக்கவில்லை. அதை நியாயப்படுத்த என்னால் முடியாது. 25 பேர் மீது வழக்குப் பதிவானது, 57 பேர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். செய்தவர்கள் பதில் சொன்னார்கள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் ஒருவர் என்னிடம், "உங்கள் ஆட்களே இப்படித்தானா?" என்று கேட்டார். "அவர்கள் கூலித் தொழிலாளர்கள், எங்களைப் போன்றவர்கள் அல்லர்" என்றேன். அவர் தலையசைத்தார், நான் தப்பித்தேன். அதே ஞாயிறு காய்கறி வாங்கவும், வீட்டுக்குப் பணம் அனுப்பவும், ஊர்க்காரரைப் பார்த்து நாலு வார்த்தை பேசவும் தேக்காவுக்கு வந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களை அந்த ஒரே வரியில் குற்றவாளிகளாக்கிவிட்டேன். அவர் இந்தியர் எல்லோரையும் சேர்த்துப் பழித்தார். நான் என்னை மட்டும் விலக்கிக்கொண்டு, மிச்சப் பேரைப் பழிக்குள்ளேயே தள்ளினேன்.

ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அறிக்கை தந்தது. விபத்தைப் பற்றிய தவறான புரிதலையும் மதுவையும் அது காரணங்களில் சேர்த்திருந்தது. ஆனால் ஊர்ப் பேச்சுக்கு அறிக்கை எதற்கு? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மனிதர்கள் ஒரே உலையில் வெந்தவர்கள் அல்லர்.

நம்மவர்களிடமும் இது உண்டு. 2015 இறுதியில் தீவிரவாதக் கருத்துகள் தொடர்பாக பங்களாதேஷ் தொழிலாளர்கள் 27 பேர் இங்கே கைது செய்யப்பட்டார்கள். அப்போது அந்நாட்டவர் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பங்களாதேஷ்காரர்களை நம்பக்கூடாது" என்று நம் விருந்துகளில் பேசியவர்கள், இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு அதே சொல்லால் சுடப்பட்டவர்கள். சீன நாட்டவரைப் பற்றியும் இதுபோல உங்கள் காதில் ஓதுவார்கள். வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இனி அறை. ஒரு குடியிருப்பில் ஓர் இனத்தவர் இத்தனை விழுக்காடுதான் என்று வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989இல் வந்தது. அது வீவக வீட்டை வாங்குவதற்கும் விற்பதற்கும் உரியது. வாடகைக்கு வேறொரு ஒதுக்கீடு உண்டு: மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீட்டையும் விடும்போதுதான் அது கணக்கில் வரும். நீங்கள் கேட்பது அறை. முகவரிடம் இதைப் பணிவாகச் சொல்லுங்கள். உரிமையாளரிடம் உங்கள் வேலை அனுமதி, சமையல் பழக்கம், எத்தனை மாத ஒப்பந்தம், விருந்தினர் வருவார்களா என்பதைச் சொல்லுங்கள். பலருடைய தயக்கம் சமையல் வாசனையில்தான் இருக்கிறது, அதைப் பேசித் தீர்க்கலாம். தோலைப் பார்த்து மறுப்பவரிடம் மன்றாட வேண்டாம். அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாது.

வேலையிடத்தில் இப்படி நடந்தால் நியாயமான வேலை நடைமுறைகளுக்கான டாஃபெப் (TAFEP) அமைப்பிடம் முறையிடலாம். பணியிட நியாயச் சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இனம், நாட்டுரிமை இரண்டும் அதில் அடங்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. முகவரிடம் சொன்னேன். ஒதுக்கீடு அறைக்குப் பொருந்தாது என்று ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை வேறொரு வீட்டைப் பார்க்க அழைத்திருக்கிறார். நண்பர் சொன்ன வாசகத்தைச் சொல்லவில்லை.

பதில்:
மகிழ்ச்சி. முன்பணம் கொடுக்கும் முன், அறையை வாடகைக்கு விட உரிமையாளர் வீவகவிடம் அனுமதி பெற்றிருக்கிறாரா என்று கேளுங்கள். ஞாயிறு மாலை நேரமிருந்தால் இருவரும் தேக்காவுக்கு வாருங்கள். விடுதிக்குப் போகும் பஸ்ஸுக்காக வரிசையில் நிற்பவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவராவது அங்கே இருப்பார்.