அமெரிக்க ராக் பேண்ட் ஏரோஸ்மித் மறுபடி எழுந்தது எதனால்: ஐவரும் சேர்ந்ததாலா, வெளியாள் கைவண்ணத்தாலா?

கிட்டார்_கிறுக்கன்
1979-ல் கிட்டாரிஸ்ட் ஜோ பெர்ரி விலகினார், 1981-ல் இன்னொரு கிட்டாரிஸ்ட் பிராட் விட்ஃபோர்ட். 1984-ல் இருவரும் திரும்பியதால்தான் பேண்ட் பிழைத்தது. இருவரின் கிட்டாரும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போவதுதான் அதன் உயிர். இவர்கள் விலகியபின் வந்த 1982 ஆல்பத்தைக் கேளுங்கள்: பாடகர் ஸ்டீவன் டைலர் இருக்கிறார், ஏரோஸ்மித் இல்லை.

டிரம்_ஓசை
அப்ப 1985-ல வந்த 'டன் வித் மிரர்ஸ்' ஏன் படுத்துச்சு? அதே அஞ்சு பேர், கெஃபன் கம்பெனி, டெட் டெம்பிள்மேன் தயாரிப்பு. அமெரிக்க பில்போர்டு தரவரிசைல 36-க்கு மேல ஏறல. முதல் பாட்டே பெர்ரி தன் தனிக்குழுவுக்கு 1980-ல போட்டது, வரியை மாத்தி மறுபடி போட்டாங்க. சரக்கு தீர்ந்துபோன நிலைமை. சேர்ந்துட்டாங்கன்னா பழைய ரசிகன் கச்சேரிக்கு டிக்கெட் எடுப்பான். புது ஆல்பத்துக்கும் காசு கொடுப்பான்னு சொல்ல முடியாது.

தூக்கிவிட்டது ராப் குழு ரன்-டிஎம்சியோட சேர்ந்து 1986-ல மறுபடி போட்ட 'வாக் திஸ் வே'. ஏரோஸ்மித்தோட அசல் 1975 பாட்டோட தொடக்க டிரம் அடி ராப் டிஜேக்களுக்கு ஏற்கெனவே பழக்கம். ஒரே ரெக்கார்டுல ரெண்டு பிரதி, ரெண்டு டர்ன்டேபிள். ஒண்ணு ஓடும்போது மத்ததைப் பின்னால சுழற்றி வச்சுக்குவாங்க, பாடகர் குரல் வர்றதுக்குள்ள தாவிடுவாங்க. டிரம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். முழுப் பாட்டையும் வரிகளோட பாட வச்சவர் தயாரிப்பாளர் ரிக் ரூபின். அசல் 1977-ல 10-ஆம் இடம், இது 4.

பழைய_கேசட்
அது ரன்-டிஎம்சி ஆல்பத்துப் பாட்டு நண்பரே. ஏரோஸ்மித்திலிருந்து போனது டைலரும் பெர்ரியும் மட்டும். வீடியோவில் பின்னால் வாசிப்பவர்கள்கூட வேறு ஆட்கள். எம்டிவி இசைச் சேனல் பார்க்கும் பிள்ளைகளுக்கு முகம் தெரிந்தது, அவ்வளவே.

விற்பனையைத் திருப்பியது 1987 'பெர்மனன்ட் வெக்கேஷன்'. கெஃபனின் ஜான் கலோட்னர் வெளியிலிருந்து பாடலாசிரியர்களைக் கொண்டுவந்தார். தயாரிப்பு புரூஸ் ஃபேர்பேர்ன், ஒலிப்பதிவு வான்கூவரின் லிட்டில் மவுன்டனில். பான் ஜோவியின் 1986 வெற்றி ஆல்பமும் அதே ஆள், அதே ஸ்டூடியோ, அதே பாடலாசிரியர் டெஸ்மண்ட் சைல்ட். 'டூட்' பாட்டின் கோரஸை டைலர் 'குரூசிங் ஃபார் த லேடீஸ்' என்று வைத்திருந்தார். அது சப்பை, முதலில் வாயில் வந்த 'டூட் லுக்ஸ் லைக் எ லேடி' வரியையே வையுங்கள் என்றார் சைல்ட். தலைப்பும் ஹிட்டும் அதுதான். சைல்டும் டைலரும் எழுதிய 'ஏஞ்சல்' 3-ஆம் இடம். 'ரேக் டால்' பாட்டில் வரும் பித்தளைக் குழல்களையும் கவனியுங்கள். ஃபேர்பேர்ன் டிரம்பெட் வாசிப்பவர்.

கிட்டார்_கிறுக்கன்
சரி, 1989 'பம்ப்' ஆல்பத்துக்கு வாருங்கள். 'லவ் இன் ஆன் எலிவேட்டர்' டைலர்-பெர்ரி. 'ஜேனிஸ் காட் எ கன்' டைலரும் பேண்டின் பேஸ் கிட்டாரிஸ்ட் டாம் ஹாமில்டனும். 4-ஆம் இடம், கிராமியும் வந்தது. இரண்டிலும் வெளியாள் பெயரே கிடையாது. 1986-லிருந்து ஒவ்வொருவராகப் போதையை விட்டதை ஏன் யாரும் பேசவில்லை? 85-ல் இல்லாத தெளிவு அது.

டிரம்_ஓசை
அவங்களோட ஒரே நம்பர் 1, 1998-ல வந்த 'ஐ டோன்ட் வான்ட் டு மிஸ் எ திங்'. எழுதினது வெளியாள் டயான் வாரன்.

கிட்டார்_கிறுக்கன்
எழுந்து நின்று பதினோரு வருஷம் கழித்து வந்த சினிமாப் பாட்டு அது. கணக்கில் சேராது.

பழைய_கேசட்
'பம்ப்'பையும் தயாரித்தவர் ஃபேர்பேர்ன்தான் என்பதை விட்டுவிட்டீர்களே.