புதுப்பிப்பு: செஸ்னா 172-இல் த்ராட்டில் தானாக ஏறி இறங்கியது - தீர்வு

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. விமான சிமுலேட்டர் விளையாட்டில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்ட, ஜாய்ஸ்டிக், தனி த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்), ரடர் பெடல் (மூக்கை இட வலமாகத் திருப்பும் மிதி) மூன்றையும் கணினியில் இணைத்தால் எஞ்சின் வேகம் தானாகக் கூடிக் குறைகிறது, மூக்கு இடப்பக்கம் இழுக்கிறது என்று கேட்டிருந்தேன்.

முதலில் விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் சோதனைத் திரையில் பார்த்தேன் (ரன் பெட்டியில் joy.cpl என்று தட்டினால் வரும்). எல்லா அச்சுகளும் ஆடாமல் நின்றன, கருவிகளில் பழுதில்லை. டிரைவரை மறுபடி நிறுவியும், டெட்ஸோனை (சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) கூட்டியும் பலனில்லை.

கைகொடுத்தது, ‘ஒரே வேலை இரண்டு கருவிகளில் பதிந்திருக்கிறதா பாருங்கள்’ என்ற பதில். ஜாய்ஸ்டிக்கின் அடியிலுள்ள ஸ்லைடருக்கும் த்ராட்டில் ஒதுக்கப்பட்டிருந்தது. கைப்பிடியைத் திருகும் அச்சுக்கும் ரடர். அவ்விரண்டையும் ஜாய்ஸ்டிக்கில் நீக்கியதும் எஞ்சின் சீரானது. புதுக் கருவி வாங்குபவர்கள் முதலில் செய்யவேண்டியது இதுதான்.

எதிர்பாராதது: டேக்-ஆஃபில் மட்டும் மூக்கு இன்னும் இடப்பக்கம் போகிறது. அது கோளாறே இல்லை! விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதனால் முழு விசையில், குறைந்த வேகத்தில் நிஜ செஸ்னாவும் இப்படித்தான் இழுக்கும். வலது பெடலை மெல்ல அழுத்தினால் நேராக ஓடுகிறது. பெடல் வைத்திருப்பவர்கள் ஆட்டோ-ரடர் உதவியை (ரடரை விளையாட்டே தானாக இயக்குவது) அணைத்துவிட்டு இதைப் பழகுங்கள், அருமையாக இருக்கிறது.

எக்ஸ்பாக்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் ஜாய்ஸ்டிக் கணினிக்கு மட்டும். டி-ஃப்ளைட் ஹோட்டாஸ் ஒன் (ஜாய்ஸ்டிக்கும் த்ராட்டிலும் சேர்ந்தது) கணினி, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் இயங்கும்.