போரில் சிக்கும் அப்பாவிகளை நினைத்தால் தூக்கம் வருகிறதா?

பாம்பன்: காசாவில் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை, எந்தச் சண்டையும் தெரியாத அதுகள் ஏன் சாக வேண்டும்? உங்களுக்கும் இப்படித்தானா?

தங்கச்சிமடம்: எனக்கு 1990 ஞாபகம் வந்துவிடும். இலங்கைப் போருக்குத் தப்பி, தலைமன்னார் பக்கமிருந்து படகு படகாக ஆட்கள் வந்தார்கள். அம்மா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தபோது ஒரு பெண் அதைத் தொடாமல், ஈர முந்தானையில் முடிந்திருந்த வீட்டுச் சாவியையே தடவிக்கொண்டிருந்தார். வீடு இருந்ததோ இல்லையோ.

மண்டபம்: அண்ணே, நான் இங்கே அகதி முகாமில் பிறந்தவள். 2009 மே மாதம் சித்தி குடும்பம் முள்ளிவாய்க்காலில் இருந்தது, அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. அவர்களுடைய கடைசிக் கடிதத்தை அப்பா இன்னமும் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார், மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது.

பாம்பன்: தங்கச்சி, அப்பாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரலாமா?