பியானோ இல்லாத ஜாஸ்: அமெரிக்க ஜாஸ் பாடகி கசாண்ட்ரா வில்சன் பாட்டை மட்டக்களப்பில எடுத்துப் பாடினால் (பேசுறவங்களுக்கு அவங்கட ஊர்ப் பேர்)

கல்லடி:
கசாண்ட்ரா வில்சன்ட 'ப்ளூ லைட் டில் டோன்' அல்பத்தை 1993இல ப்ளூ நோட் என்ற இசை நிறுவனம் வெளியிட்டது, தயாரிப்பு கிரெய்க் ஸ்ட்ரீட். ஜாஸ் பாடகிக்குப் பின்னால பியானோ இருக்கும் என்ற வழக்கத்தை விட்டுட்டு, கிற்றார், பெடல் ஸ்டீல், வயலின், அக்கோர்டியன் என்று போனாங்க. ப்ளூஸ் பாடகர் றொபேட் ஜோன்சன் 1936, 1937இல பதிஞ்ச பாட்டு ரெண்டும் உள்ள இருக்கு. நிரப்பாம விட்ட இடந்தான் இதில துணிச்சல். நம்ம ஆக்கள் முதல்ல விடுற பிழை, வெறுமையா இருக்கே என்று கீபோட்டைப் போடுறது. கசாண்ட்ராட குரல் தாழ்ந்த குரல். கீபோட்காரர்ட இடக்கை அதே சுரங்களில நின்றா குரல் அமுங்கிரும். கிற்றார் ஒன்று, பேஸ் ஒன்று, கைவாத்தியம் ஒன்று, காணும்.

காரைதீவு:
கர்நாடக சங்கீதம் படிச்சவங்களுக்குச் சுத்த தன்யாசியில இருந்து தொடங்கலாம்: ச க2 ம1 ப நி2. ம1க்கும் ப வுக்கும் நடுவில ம2வைத் தொட்டுட்டுப் போனா ப்ளூஸ் ஸ்கேல், அதாவது ப்ளூஸ் பாட்டுட சுரவரிசை. சிக்கல் காந்தாரத்தில. ப்ளூஸ் காந்தாரம் சாதாரண காந்தாரத்துக்கும் (க2) அந்தர காந்தாரத்துக்கும் (க3) இடையில நிற்கும். கீழ இருந்து ஏறி அங்கயே நிற்கவேணும். அசைச்சா ராகமாகிரும். கிற்றார் கோட் அந்தர காந்தாரத்தைப் பிடிக்க, குரல் அதுக்குக் கொஞ்சம் கீழ நிற்கிற உரசல்தான் ருசி. ஆர்மோனியத்தில பழகாதீங்க, அந்தச் சுரத்துக்குக் கட்டையே இல்ல. சுருதிப்பெட்டி போதும். 'யாழ் நூல்' எழுதி, சுரங்களுக்கு இடையில உள்ள அலகுக் கணக்குப் பார்த்த விபுலாநந்த அடிகள் பிறந்த நம்ம காரைதீவில இதுக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்ல.

கல்முனை:
ஸ்லைட் கிற்றாருக்கு, அதாவது விரலில குழாய் மாட்டி வழுக்கி வாசிக்கிறதுக்கு, ஓப்பன் ஜி: விரல் வைக்காம மீட்டினாலே ஜி கோட் வாற சுருதி. ஆறாவது கம்பி ஈ இலிருந்து டி, ஐந்தாவது ஏ இலிருந்து ஜி, முதல் கம்பி ஈ இலிருந்து டி. எல்லாம் இறக்கிறது, அறுமென்ற பயம் இல்ல. ஆனா மெல்லிசான 10 செற் கம்பி தொய்ஞ்சு ஃப்ரெட்டில (கழுத்தில குறுக்கப் பதிச்ச கம்பி) அடிபடும், மொத்தமான 13 செற் போடுங்க. கண்ணாடிக் குழாய் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேல நிற்கவேணும்; விரலால பிடிக்கிற மாதிரிப் பின்னுக்கு வைச்சா சுருதி குறையும். குழாய்க்குப் பின்னால இன்னொரு விரலை மெல்லமாப் படுக்க வைக்காட்டி கீச்சுச் சத்தம் வரும். பாடுறவங்களுக்கு ஜி தாழ்வாப் பட்டா, கேப்போவை (கழுத்தில எல்லாக் கம்பியையும் அழுத்துற கிளிப்) ரெண்டாம் கட்டத்தில போட்டா ஏ.

கல்லடி:
கல்முனை அண்ணன், தாளத்துக்கு என்ன சொல்றீங்க? தபேலாக்காரர் பிடிச்சா பஜனை மாதிரி நேராப் போகுது.

கல்முனை:
திஸ்ர நடை, அதாவது அடியை மூன்றாப் பிரிக்கிறது, என்று சொல்லுங்க. ஒரு அடிக்கு ஒரு 'தகிட', நாலு அடி ஒரு பார், 12 பார் ஒரு சுற்று. முதல் ரெண்டு எழுத்தைச் சேர்த்து 'தா-ட' என்று இழுத்தா ஸ்விங், ஜாஸ்ட அந்த ஆட்டம், வந்திரும். நம்ம பறங்கியர்ட கஃப்ரிஞ்ஞா ஆட்டப் பாட்டுக்கு றபான் மேளம் தட்டிப் பழகினவர் கிடைச்சா இன்னும் லேசு, அவர்ட கைக்கு மூன்று மூன்றாப் பிரிக்கிறது புதுசில்ல.

மட்டு நகர்:
பதிவு பற்றி ஒரு விஷயம். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம். இன்னும் கிட்டப் போனா தாழ்ந்த குரல் குடத்துக்குள்ள பேசின மாதிரி உப்பும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ உள்ள ஒலியை வெட்டிவிடுங்க. ஒக்டோபரில இருந்து ஜனவரி மட்டும் காத்தில ஈரம், கொண்டென்சர் மைக் பொரியும். சிலிக்கா ஜெல் பொதியோட மூடின டப்பாவில வைங்க. தகரக் கூரைக்குக் கீழ மழை நேரம் பதியவே வேணாம். இவ்வளவு வெறுமையான பாட்டில ஃபேன் சத்தத்தைக்கூட ஒளிக்க இடமில்ல.