வெறுங்கைச் சண்டையில் குத்துக்கு எடை வருவது எப்படி?

கருங்குயில்:
அனைவருக்கும் வணக்கம். வேலை நேரம் போக மிச்சமிருக்கும் பொழுதில், பக்கவாட்டில் நகரும் ஒரு 2டி சண்டை விளையாட்டைத் தனியாளாக உருவாக்கி வருகிறேன். நாயகனிடம் ஆயுதம் எதுவும் கிடையாது. இரண்டு கைகளும் இரண்டு கால்களும்தான். என் சிக்கல் என்னவென்றால், அவன் குத்துவது பஞ்சு மூட்டையைக் குத்துவது போலவே இருக்கிறது. ஒரு குத்துக்கு 10 புள்ளி என்றிருந்த சேதத்தை 25 ஆக்கிப் பார்த்தேன்; எதிரி சீக்கிரம் செத்தானே தவிர, அடி விழுந்த உணர்வு வரவில்லை. போன வாரம் அக்கா மகனிடம் கொடுத்தபோது, அவன் பத்து நிமிடம் விளையாடிவிட்டுக் கன்ட்ரோலரைக் கீழே வைத்து, "மாமா, இப்போ அவனுக்கு அடி பட்டுச்சா, படலையா?" என்று கேட்டான். எதிரி சிவப்பாக மின்னுகிறான், பின்னால் நகர்கிறான், ஒலியும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்னொன்று, ஐந்து பேர் சேர்ந்து சூழ்ந்துகொண்டால் நாயகன் ஒரு குத்து முடிப்பதற்குள் நான்கு வாங்கிவிடுகிறான். இதையும் எப்படிக் கையாள்வது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஆர்கேட்வாசி:
உங்கள் அக்கா மகன் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். சேதம் என்பது உயிர்க்கோட்டில் குறையும் ஓர் எண் மட்டுமே. குத்தின் எடையை ஆட்டக்காரர் நேரத்தைக் கொண்டுதான் உணர்கிறார். நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து மாறும் படம்) ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. ஒவ்வொரு அடியையும் கை கிளம்பும் ஸ்டார்ட்டப், முட்டி (மடக்கிய கை) படக்கூடிய ஆக்டிவ், கை திரும்பும் ரிகவரி என மூன்று துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஃபிரேம் கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்களிடம் மூன்றும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் என்பது என் ஊகம். மென்குத்து சட்டென்று கிளம்ப வேண்டும். 2023-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மிக வேகமான சாதாரண அடிகள் 4 ஃபிரேமில் எதிரியைத் தொட்டுவிடுகின்றன. வன்குத்தோ தயங்கிக் கிளம்பி, தவறினால் அதற்குரிய தண்டனையாக நீண்ட ரிகவரியைத் தர வேண்டும்.

அடுத்ததுதான் நீங்கள் தவறவிட்டிருப்பது: ஹிட்ஸ்டாப். முட்டி எதிரியின் உடலைத் தொட்ட அந்த ஃபிரேமிலேயே அடித்தவன், அடிபட்டவன் இருவரையும் அப்படியே உறைய வையுங்கள். மென்குத்துக்கு நான்கைந்து ஃபிரேம், வன்குத்துக்குப் பத்து வரை போகலாம். உறைந்திருக்கும்போது அடித்தவன் அசையக் கூடாது; அடிபட்டவன் மட்டும் இரண்டு பிக்சல் அளவுக்கு இடவலமாக அதிர வேண்டும். பின்னால் தள்ளப்படுவது அதற்குப் பிறகுதான். இப்போது உங்கள் எதிரி தொட்ட நொடியே நழுவிப் போவதால், முட்டிக்கு எதிர்ப்பே இல்லாதது போலத் தோன்றுகிறது. ஒலியையும் பட்டனை அழுத்தும்போது அல்ல, தொடும் ஃபிரேமில் கிளப்புங்கள். கை நீளும் அசைவில் இடைப்படங்களைக் கூட்டி மெருகேற்ற வேண்டாம். ஒன்றிரண்டை வெட்டி எறிந்து, நீட்டிய கை நிற்கும் படத்தைக் கூடுதலாக நிறுத்துங்கள். வரைந்தவருக்கு வயிறு எரியும், ஆனால் குத்து உறைக்கும்.

சிறு கிளைக்கதை: 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் ஓர் அடி முடிவதற்குள் அடுத்ததைக் கோக்க முடிந்தது திட்டமிட்டுச் செய்ததல்ல. காரை உடைக்கும் போனஸ் கட்டத்தைச் சோதிக்கும்போது கண்ணில் பட்ட குறை அது. உருவாக்கியவர்கள் அதைத் திருத்தாமல் விட்டதிலிருந்துதான் காம்போ என்ற கலையே வளர்ந்தது.

முள்வேலி:
எடையைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. நான் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் அடிக்க அனுமதிப்பதுதான் உங்கள் தவறு. எதிரிகளுக்கிடையே ஒரு டோக்கன் முறை வையுங்கள்: டோக்கன் கையில் இருப்பவன் மட்டுமே அடிக்கலாம், அடித்து முடித்ததும் அதை அடுத்தவனிடம் விட வேண்டும், மற்றவர்கள் வட்டமிட்டு மிரட்டிக்கொண்டிருக்கலாம். 2009-இல் வந்த பேட்மேன்: ஆர்க்கம் அசைலம் கூட்டச் சண்டைக்கு ஒரு முன்மாதிரியாக அமைந்ததற்கு, அடிக்கப் போகிறவனின் தலைக்கு மேல் எச்சரிக்கைக் கோடுகளைக் காட்டி, ஒரே பட்டனில் எதிர்த்தாக்க வழி செய்ததும் முக்கியமான காரணம். உங்களுடையது 2டி என்பதால், நாயகனின் முதுகுப் பக்கம் நிற்பவனுக்கு டோக்கன் கிடைக்கும் வாய்ப்பைக் குறைத்துவிடுங்கள். திரைக்கு வெளியே நிற்பவனுக்கு அறவே கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து அடி வாங்கினால் ஆட்டக்காரர் தன்னை நொந்துகொள்ள மாட்டார், உங்களைத்தான் நொந்துகொள்வார்.

பழையசுவடி:
முள்வேலி அவர்கள் சொன்ன டோக்கன் முறையை ஏற்கிறேன். ஆனால் ஆர்க்கமை முன்மாதிரியாகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் பட்டனை அழுத்தினால் நாயகன் பல அடி தூரம் பாய்ந்து எதிரியின் மேல் ஒட்டிக்கொள்கிறான். பார்க்க அழகுதான், ஆனால் வெறுங்கைச் சண்டையின் உயிர்நாடியான தூரக் கணக்கு அங்கே கரைந்துபோகிறது. கத்தி வைத்திருப்பவனை விட முட்டிக்கு எட்டுகை குறைவு. நெருங்கித்தான் அடிக்க வேண்டும், நெருங்கினால் அடியும் படும். அந்த ஆபத்தை எடுத்துவிட்டால், நாயகன் கையில் வாளைக் கொடுத்தாலும் ஒன்றுதான்.

ஆபத்துக்கு ஈடாக முட்டிக்கு மட்டுமே உரிய பலன் ஒன்றையும் கொடுக்க வேண்டும். 2002-இல் வந்த மாரோவிண்ட் விளையாட்டில் வெறுங்கையால் அடித்தால் முதலில் எதிரியின் உயிர் குறையாது. அவனுடைய களைப்புதான் ஏறும், அவன் சுருண்டு விழுந்த பிறகே அடி உயிரைத் தொடும். கொல்லாமல் வீழ்த்துவது என்ற தனிச்சுவை அதில் இருந்தது. அதே வரிசையில் 2011-இல் வந்த ஸ்கைரிமில் வெறுங்கைக்கென்று ஒரு திறன்கூட வைக்கவில்லை. கனக்கவசத் திறனுக்குள் கையுறையின் கவச அளவை அடியின் சேதத்தோடு கூட்டும் ஒரு சலுகையாக அது சுருங்கிவிட்டது. 2022-இல் வந்த சிஃபுவைப் பாருங்கள். எதிரியின் உயிர்க்கோட்டோடு அவனுடைய நிலைகுலைவுக்குத் தனியாக ஒரு கோடு இருக்கிறது. சரியான கணத்தில் அவன் அடியைத் தட்டிவிட்டால் அந்தக் கோடு நிரம்புகிறது, முழுதும் நிரம்பினால் ஒரே பிடியில் முடித்துவிடலாம். நெருக்கத்தில் நின்று தாங்குவதற்கே அங்கே கூலி கிடைக்கிறது. உங்கள் விளையாட்டிலும் சேதத்தைப் பழைய 10-க்கே இறக்கிவிட்டு, இப்படி இரண்டாவது கோடு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள் என்பது என் யோசனை.

கருங்குயில்:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மென்குத்துக்கு 5, வன்குத்துக்கு 9 ஃபிரேம் ஹிட்ஸ்டாப் வைத்தேன்; எதிரியின் அதிர்வையும் சேர்த்தேன். வேறு விளையாட்டைத் திறந்துவிட்டோமோ என்று ஒரு கணம் எனக்கே ஐயம் வந்துவிட்டது. சேதத்தை 10-க்கு இறக்கிவிட்டேன். இரண்டாவது கோடு இந்த வார இறுதியில். ஆனால் புதிதாக ஒரு தொல்லை: வேகமாக மூன்று முறை அழுத்தினால் இரண்டு குத்துதான் வருகிறது.

ஆர்கேட்வாசி:
உறைந்திருக்கும் ஃபிரேம்களில் பட்டன் அழுத்தத்தை உங்கள் நிரல் வாசிக்காமல் விடுகிறது. ஆட்டத்தை உறைய வையுங்கள், உள்ளீட்டை உறைய வைக்காதீர்கள். கடைசியாக அழுத்திய பட்டனை எட்டு ஃபிரேம் வரை நினைவில் வைத்து, உறைவு விலகியதும் அதை நிறைவேற்றினால் மூன்றாவது குத்து வந்துவிடும். அந்த எட்டு, உறைவு விலகிய பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் வன்குத்தின் 9 ஃபிரேமுக்குள்ளேயே காலாவதியாகிவிடும்.