சுவரில் பூஞ்சை: உங்கள் வீட்டில் எப்படிப் போனது?

வேளச்சேரி, தரைத்தள வீடு:

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் படுக்கையறையில் ஊறிய துணியின் வாடை அடித்தது. பீரோவை நகர்த்தினால், அது நின்ற இடம் முழுவதும் சுவரில் கரும்புள்ளிகள். தொட்டால் விரலில் மை போல ஒட்டியது. மேலேயே பட்டி பூசி பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார் பெயிண்டர். நான் சம்மதிக்கவில்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கே உரிந்து விழும்.

வெளியே போய்ப் பார்த்தபோது விடை கிடைத்தது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. முதலில் அதைச் சரிசெய்தோம். ஊறிப் பொருமிய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டு, சுவர் நன்றாகக் காயும்வரை பொறுத்திருந்தோம். பெயிண்ட் அதற்குப் பிறகுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள். அதன் வித்துகள் வீடெங்கும் பறக்கும். என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களை அந்த அறைப் பக்கமே விடாதீர்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இப்போது கை நுழையும் அளவு இடம் விட்டிருக்கிறோம்.

குன்னூர்:

எங்கள் வீட்டில் ஒரு சொட்டுக் கசிவும் கிடையாது. ஆனாலும் வடக்குச் சுவரின் மூலைகள் கறுத்தன. குளிருக்குப் பயந்து நாள் முழுவதும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம். சோறு வடிக்கும் ஆவி, வெந்நீர்க் குளியலின் ஆவி, அறைக்குள் உலர்த்திய துணியின் ஈரம் எல்லாம் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படிந்தன. புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் எரியும்போது நீராவியைக் கக்குகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டினோம். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 50-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. நண்பகல் வெயிலில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கிறோம், குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தோம். மூலைகள் தெளிந்துவிட்டன.

திருச்சி, கட்டட வேலை பார்க்கிறேன்:

வெள்ளையாகப் பூத்ததெல்லாம் பூஞ்சை அல்ல, அம்மா. பல வீடுகளில் அது உப்பு. கொஞ்சம் சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கரைந்தால் உப்பு, கரையாவிட்டால் பூஞ்சையாக இருக்கலாம். எதுவானாலும் சுவரில் ஈரம் இருக்கிறது என்றுதான் பொருள். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மறுபடி சுண்ணாம்பே அடியுங்கள். அதன் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது, உள்ளிருக்கும் ஈரமும் வெளியேறும்.

பிளீச்சிங் பவுடரை ஓடு பதித்த குளியலறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரத்திலும் பூச்சிலும் மேல்நிறம் வெளுக்குமே தவிர, உள்ளே ஊடுருவிய பூஞ்சை போகாது. பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ கழிவறை கழுவும் ஆசிட்டையோ கலந்துவிடாதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.